ஒல்லி லென்ஸ் ஒன்று வேண்டி மனு

அனுப்புநர்: கேமராவும் கையுமாகத் திரியும் ஒருவன், உத்திரமேரூர், காஞ்சிபுரம் மாவட்டம்.
பெறுநர்: லென்ஸ் திட்டமிடும் உயர்திரு அதிகாரிகள், கேனான் நிறுவனம், டோக்கியோ.
பார்வை: வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு, கி.பி. 919, அதன் திருத்தம், கி.பி. 921.

ஐயா,

முதலாம் பராந்தகன் காலத்தில் எங்கள் ஊர்ச் சபை குடவோலைத் தேர்தலுக்கு விதி எழுதியது. 919-இல் வயது 30 முதல் 60 என்றார்கள். சரிப்படவில்லை போலிருக்கிறது, 921-இல் 35 முதல் 70 என்று மாற்றினார்கள். கல்லில் வெட்டியதையே திருத்த எங்களுக்கு இரண்டு வருஷம் போதுமானதாக இருந்தது.

இனித் தங்கள் கணக்குக்கு வருவோம். 2012-இல் ஈஓஎஸ் எம் கேமராவோடு 22 மி.மீ. எஃப்/2 லென்ஸ் ஒன்றை விட்டீர்கள். எடை 105 கிராம், தடிமன் 24 மி.மீ.கூட இல்லை. சின்ன சென்சார் கணக்குப்படி 22-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 35 வரும். எங்கள் சபை கேட்ட வயதும் அதுவே! தகுதியுள்ள அந்த ஒருவரையும் 2023-இல் குடும்பத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். கையிலிருக்கும் லென்ஸைத் தங்கள் புது ஆர்எஃப் மவுண்ட் பாடியில் மாட்டலாமா என்றால், மவுண்ட்டிலிருந்து சென்சாருக்குப் பழையதில் 18 மி.மீ., புதியதில் 20. எப்படியோ மாட்டினாலும் லென்ஸ் 2 மி.மீ. முன்னால் தள்ளி நிற்கும். ஒரு சாணுக்கு அப்பால் எதுவும் ஃபோகஸ் ஆகாது. கோபுரம் எடுக்க வந்தவன் குங்குமச் சிமிழைத்தான் எடுக்க வேண்டும்.

அதே 2023-இல் ஆர்எஃப் மவுண்ட்டில் ஆர்100 கேமரா வந்தது. பேட்டரியோடு 356 கிராம், அருமையான குட்டி பாடி. கூட வரும் 18-45 கிட் லென்ஸோ, முறுக்கி வெளியே இழுத்தால்தான் கண் திறக்கும். கோயில் மண்டபத்தில் காதுகுத்து என்று வையுங்கள். தாய்மாமன் மடியில் குழந்தை, ஆசாரி கையில் கம்பி. நீங்கள் முறுக்கி முடிப்பதற்குள் ஒரு காது முடிந்து குழந்தை அலறிக்கொண்டிருக்கும். மறு காதுக்கு வெளிச்சம் போதாது. இந்தக் கிட் லென்ஸ் அதிகபட்சம் திறப்பது எஃப்/4.5. பழைய 22 அதைப்போல் ஐந்து மடங்கு வெளிச்சம் வாங்கும்.

28 மி.மீ. ஒல்லி லென்ஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல லென்ஸ்தான். ஆனால் அது பெரிய சென்சார் வீட்டுப் பிள்ளை. எங்கள் பாடியில் ஏறினால் 45 ஆகிவிடும். மாமனும் குழந்தையும் அடங்குவார்கள், ஆசாரி அடங்க மாட்டார். 2024-இல் சிக்மா நிறுவனத்தின் லென்ஸ்களுக்கும் கதவைத் திறந்துவிட்டீர்கள், நன்றி. அவர்களுடைய 23 மி.மீ. எஃப்/1.4 கிட்டத்தட்ட கேமராவின் எடையே இருக்கிறது. ஆர்100-இல் மாட்டினால் கோழிக்குஞ்சு கழுத்தில் ஆட்டுமணி.

பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் போட்டியிட முடியாது என்றும் எங்கள் கல்வெட்டில் உண்டு. அந்த விதியைத் தங்கள்மேல் போட்டால் ஆர்எஃப் வம்சமே அவுட். அவ்வளவு கடுமை வேண்டாம். 18-இல் தொடங்கும் ஜூம்களை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, 22 மி.மீ. எஃப்/2-ஐச் சின்ன சென்சாருக்கான ஆர்எஃப்-எஸ் வரிசையில் அதே தடிமனில், கிட் லென்ஸ் வாங்குகிறவர் எட்டிப்பிடிக்கும் விலையில் தயவுசெய்து தரவும்.

ஆர்100-இல் தொடுதிரை இல்லாதது குறித்துத் தனி மனு பின்னால் வருகிறது.