மலைக்கு வந்த மதிப்பு

நாகர்கோவிலில் பழைய வீடு இடிக்கும்போது கதவு, நிலை, உத்தரம் கேட்டு வருகிறவர்கள் இப்போது சுவரில் தொங்கும் வெள்ளைக்காரர் வரைந்த படத்தையும் கேட்கிறார்கள். ரசனை வளர்ந்துவிட்டது.

தாமஸ் டேனியலும் சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் தெற்கே வந்து வரைந்து, 1804-இல் லண்டனில் அச்சிட்ட ‘கன்னியாகுமரி’ படம் ஒன்று உண்டு. வரைந்த இடம் களக்காட்டருகே. அங்கிருந்து கடல் தெரியாது. அதனாலென்ன, முனை எங்கே ஓடிவிடப் போகிறது? மதிப்பீடு செய்ய வருகிற நிபுணர் இதை ‘விக்டோரியா காலம்’ என்று எழுதித் தருவார். ராணி பிறந்தது 1819-இல். பிறக்கும் முன்பே காலம் தொடங்கிவிடுவதுதான் ராணிக்கு அழகு.

நிபுணர் முறைப்படி பார்ப்பார். உருப்பெருக்கியில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அண்மை அச்சு, தள்ளுபடி. ஓரம் வெட்டியிருந்தால் விலை இறங்கும்.

“கறை இருக்கே?”

“வயசு தெரியணும்லா அண்ணாச்சி!”

படத்தில் இருக்கும் மலைக்கு இந்தச் சிக்கலெல்லாம் இல்லை. ஓரம் வெட்ட வெட்ட லோடு கணக்கில் விலை ஏறும். வயலும் அப்படியே, மண்ணடித்து பிளாட் போட்டால்தான் மதிப்பு. அசல் குறையக் குறைய அச்சுக்கு கிராக்கி என்பதால், குவாரிக்காரர்களைக் கலைப் புரவலர்களாக அறிவிப்பதே நியாயம்.

புது வீட்டில் படம் மாட்டியாயிற்று. வெயில் பட்டால் சாயம் வெளுக்கும் என்று நிபுணர் எச்சரித்ததால், எதிரே இருந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அதன் வழியே வேளிமலை மட்டுந்தான் தெரிந்துகொண்டிருந்தது. ஏசி போட வசதியாகவும் போயிற்று.