வெயிலைத் தாண்டி

கேள்வி: நாகேஸ்வர ராவ் பூங்காவில் தினமும் நடக்கிறேன். “என்ன வெயில் சார்!” என்பதைத் தாண்டி யாரிடமும் பேச்சு வளரவில்லையே? (மயிலாப்பூர் வாசகர்)

பதில்: பூங்காவின் பெயரிலேயே பேச்சு இருக்கிறதே! 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சன் ஆரம்பித்து, அந்தத் தைலக் காசில் ‘ஆந்திர பத்திரிகா’ நடத்தியவர் அந்த நாகேஸ்வர ராவ். தலைவலியில் ஆரம்பித்தால் அவர் கலந்துகொண்ட உப்பு சத்தியாக்கிரகம் வரை போகலாம். அலுத்தால், லஸ் மாதா கோவிலுக்கு ஏன் காட்டுக்கோவில் என்று பெயர் என்று ஆரம்பியுங்கள்.

எழுத்தாளர் சுஜாதாவைப் பாருங்கள். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்குள்ள பொறியாளர், ஆழ்வார் பாசுரங்களைப் பற்றியும் எழுதினார், சினிமா வசனமும் எழுதினார். யார் வந்தாலும் பேச ஒரு விஷயம் கையிருப்பில்!

ஆனால் படித்ததையெல்லாம் ஒரே சுற்றில் கொட்டினால் மறுநாள் எதிர்த்திசையில் நடப்பார்கள். நாளைக்குப் பக்கத்தில் வருபவரிடம், “சர்வீஸில் என்ன வேலை பார்த்தீங்க சார்?” என்று கேளுங்கள். அவர் முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.