லெட்ஜரும் துப்பட்டாவும்

1988. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவு. பிரசவ விடுப்பு 12 வாரம். அது முடிந்து திரும்பியதும் மன்னிப்புக் கேட்பதும் என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. காலையில் மாமியாரிடம், பிள்ளையை விட்டுப் போவதற்கு. ஒன்பது மணிக்கு மேனேஜரிடம், பஸ் லேட்டானதற்கு. ராத்திரி வீட்டுக்காரரிடம், ரசத்தில் உப்பு குறைந்ததற்கு.

பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை தரவேண்டும் என்று 1961 மகப்பேறு சட்டத்திலேயே இருந்தது. ஆனால் நான் அம்பத்தூரில், பிள்ளை மாங்காட்டில்! பதினொரு மணி வாக்கில் பால் கட்டி ரவிக்கை நனையும். லெட்ஜரை மார்போடு அணைத்தபடி பாத்ரூமுக்கு நடப்பேன். “லெட்ஜர் மேல அவ்வளவு பாசமாம்மா?” என்பார் பக்கத்து சீட்டு சார். அதே மாதம் அவருக்கும் பையன் பிறந்திருந்தான். லட்டு கொடுத்தார். குடும்பஸ்தன் ஆகிவிட்டார் என்று சம்பளத்தைக் கூட்டினார்கள். நான் குடும்பஸ்தி ஆகிவிட்டதால் அந்த வருஷம் எனக்கு இன்கிரிமென்ட் இல்லை.

காலம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. மகளுக்கு ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. 2017 சட்டத் திருத்தத்தின் புண்ணியத்தில் 26 வாரம் விடுப்பு. 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும். தாய் நாளுக்கு நாலு தடவை போய்ப் பார்த்து வரலாம். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மகளும் போய்ப் பார்க்கத்தான் செய்கிறாள். லேப்டாப்பைத் திறந்தபடி வைத்து, நாற்காலியில் துப்பட்டாவைப் போட்டுவிட்டுப் போகிறாளாம், பஸ்ஸில் சீட் பிடிக்க நாங்கள் கைக்குட்டை போட்ட மாதிரி. பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறாள் என்று மற்றவர்கள் நினைக்கவேண்டுமாம். இத்தனைக்கும் அந்த வருஷம் ரேட்டிங் ‘சராசரி’. “ஆறு மாசம் ஆளே இல்லையேம்மா” என்றாராம் மேனேஜர்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில், மீட்டிங் நடுவே பேத்தி அழுதால் மகள் பதறிப்போய் மைக்கை அணைக்கிறாள். பிறகு எல்லோரிடமும் ஸாரி. மாப்பிள்ளையின் மீட்டிங்கில் அதே பேத்தி அழுதால், “சூப்பர் அப்பா!” என்று அங்கே கைதட்டுகிறார்கள்.

மகளுடைய 26 வாரச் சம்பளமும் கம்பெனியின் கையிலிருந்துதான். அரசு இதில் ஒரு காசு போடவில்லை. இன்டர்வியூவில் பெண்களிடம் மட்டும் “கல்யாணம் எப்போம்மா?” என்ற அக்கறையான விசாரிப்பு ஏன் வருகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். மாப்பிள்ளை எடுத்த ஒரு வார லீவு அவர் கம்பெனி பெரிய மனசு பண்ணிக் கொடுத்தது. தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பாக்களுக்கு இந்த நாட்டில் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது.