நாலு விரல் மருந்து, ஒத்தைக் குண்டு

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு கூத்து தொடங்கும். வீட்டு அலமாரியில் தொலைநோக்கி பூட்டிய நல்ல ரைஃபிள் வைத்திருப்பவர்கள், அதை அங்கேயே விட்டுவிட்டு, பதினெட்டாம் நூற்றாண்டு மாதிரித் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பனியில் மான் தேடிப் புறப்படுவார்கள். குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை இடித்து இறக்கி, சிக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிக்க வைக்கிற துப்பாக்கி. இதற்கென்றே 1974இல் மாநிலம் தனியாக ஒரு வேட்டைப் பருவத்தை ஒதுக்கிக் கொடுத்தது. கேப்பு வைத்து வெடிப்பதுகூட அந்தப் பருவத்தில் ஆகாது, அது நவீனமாம். நானும் போகிறேன். எங்கள் தாத்தா பார்த்திருந்தால், “ஏன்டா, நல்ல துப்பாக்கி வாங்க வக்கில்லையா அவனுங்களுக்கு?” என்றுதான் கேட்டிருப்பார்.

தாத்தாவுக்கு வக்கில்லை. கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளியும் நிலக்கடலையும் போட்டிருந்தார். வெள்ளாமைக் காவலுக்கென்று உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்று பரணில் இருந்தது. தேர்தல் அறிவித்தால் அதைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். வாக்கு எண்ணி முடிகிறவரை மரவள்ளிக் காடு பன்றிகளின் பொறுப்பு. நன்னடத்தை விதி மனிதர்களுக்குத்தானே.

என்ன குண்டு போடுவது என்ற கேள்வி அந்த வீட்டில் எழுந்ததே இல்லை. என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. கிழிந்த வீச்சு வலையிலிருந்து கழற்றிய ஈயம் கிடைத்தால் அது. அது தீர்ந்தால் லாரி பேட்டரித் தகட்டை உருக்கியது. அதுவும் இல்லாவிட்டால் சைக்கிள் கடைப் பால்ரஸ். நாலு விரல் மருந்து. அதாவது மருந்தைப் போட்டுக் கம்பியை உள்ளே விட்டால் வெறுங்குழலில் நின்றதைவிட நாலு விரல் உயர்ந்து நிற்க வேண்டும். அதன்மேல் தேங்காய் நார், அதன்மேல் குண்டு, மறுபடி நார். கட்டை விரலால் ஒரு தட்டு.

ஆனால் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியும். பால்ரஸை மதிக்கவே மாட்டார். “அது உருண்டு போற சாமான்டா, உள்ள போயி தங்காது” என்பார். கணக்கும் அவர் பக்கம்தான்: ஒரே அளவு உருண்டையில் எஃகு, ஈயத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு. எலும்பில் பட்டாலும் நசுங்காது. குழலை வேறு உள்ளுக்குள் கீறும். பேட்டரி ஈயத்தில் ஆன்டிமனி கலந்திருப்பதால் அதுவும் கெட்டி. வலை ஈயம்தான் நகம் பட்டால் தடம் விழுகிற மெத்து. பன்றிக்கு அதைத்தான் எடுத்து வைப்பார். தூரத்தைப் பற்றி அவருக்கு ஒரே சட்டம்: பன்றி கடலைச் செடியைப் பறிக்கிற சத்தம் காதில் விழுகிற தூரம் வரை.

இங்கே கடையில் ஒரு சுவர் முழுக்கக் குண்டு. உருண்டை, கூம்பு, அடியில் குழிந்த கூம்பு, செம்பு உறை போட்டது, நுனியில் பிளாஸ்டிக் முனை வைத்தது, பிளாஸ்டிக் குல்லாவுக்குள் உட்கார்ந்திருப்பது. அரை அங்குலத் துப்பாக்கி என்று சொன்னால், கடைக்காரர் முதலில் கேட்பது முறுக்கு என்ன என்பதை. குழலின் உட்புறத்தில் சுற்றி ஓடும் வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று முடிக்கின்றன என்று அர்த்தம். 66 அங்குலத்துக்கு ஒன்று என்றால் நிதானமான முறுக்கு. அது உருண்டைக் குண்டுக்காகவே பிறந்தது. 28 அங்குலத்துக்கு ஒன்று என்றால் குல்லாக் குண்டு. நடுவில் 48. அது இரண்டுக்கும் தலையாட்டுகிற சமரசம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

நீளமான கூம்பு நேராகப் போக வேகமாகச் சுழல வேண்டும். நிதானமான முறுக்கில் போட்டால் தடுமாறி, பலகையில் பக்கவாட்டாகப் படும். உருண்டைக்கு அந்தக் கவலையே கிடையாது, எந்தப் பக்கம் திரும்பினாலும் அது உருண்டைதான். 0.490 அங்குல ஈய உருண்டை 177 கிரெயின், ஏறக்குறைய பதினொன்றரை கிராம். அதைச் சுற்றி எண்ணெய் தடவிய கெட்டிப் பருத்தித் துணி. வரியைப் பிடித்துக்கொண்டு குண்டைச் சுழற்றுவது அந்தத் துணிதான். ஈயம் குழலைத் தொடுவதே இல்லை. சுட்ட பிறகு துணியைத் தேடி எடுத்துப் பார்ப்பேன். கிழிந்திருந்தால் மருந்து அதிகம், இல்லை துணி மெல்லிசு.

தடவுகிற கொழுப்புக்கும் இங்கே தனி அலமாரி. என்ஃபீல்டு தோட்டாவில் தடவியது பசுவின் கொழுப்பா பன்றியின் கொழுப்பா என்ற சந்தேகம், 1857இல் வட இந்தியா பற்றி எரிந்ததற்குக் காரணங்களில் ஒன்று. அதுவும் வாய்வழியாகக் கெட்டிக்கிற துப்பாக்கிதான். இங்கே டப்பாவில் எல்லாம் அச்சடித்திருக்கிறது. நான் தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் கலந்து காய்ச்சிக்கொள்கிறேன். யாருக்கும் மனம் புண்படாது.

என் பக்கத்து வீட்டுக் கிழவர் குல்லாக் கட்சி. சிக்கிமுக்கிக் கல், வால்நட் மரக்கட்டை, இடுப்பில் மாட்டுக் கொம்பில் மருந்து என்று புறப்படுவார். உள்ளே இறங்குவது மட்டும் பிளாஸ்டிக். நூறு கெஜத்துக்கு மேலும் அடிக்குமாம். அடிக்கும்தான். இன்னும் தூரம் வேண்டுமென்றால் அலமாரியில் விட்டுவந்த ரைஃபிள் இருக்கிறதே என்று நான் கேட்பதில்லை; அக்கம்பக்கம் சுமுகமாக இருக்க வேண்டும். என் வரையில் அறுபது, எழுபது கெஜம். அந்தத் தூரத்தில் மெத்தென்ற உருண்டை நெஞ்சுக்கூட்டில் புகுந்து நுரையீரலைத் தாண்டிவிடும். வேகத்தைச் சீக்கிரம் இழப்பது உருண்டையின் குணம். ஆனால் போகும்போதே அரை அங்குல அகலம் அதற்கு உண்டு, விரிந்துதான் ஆக வேண்டும் என்றில்லை.

மெத்து எல்லாவற்றுக்கும் ஆகாது என்பதும் பழைய பாடம். 1840களில் இலங்கைக் காடுகளில் யானை சுட்ட சாமுவேல் பேக்கரிடம் இருந்த துப்பாக்கி 21 பவுண்டு எடை; குண்டு மூன்று அவுன்ஸ். தடித்த தோலுக்கும் எலும்புக்கும் அவர் ஈயத்தைக் கெட்டிப்படுத்தி வார்த்துக்கொண்டார். சுட்ட கணக்கைப் படித்தால் வயிற்றைப் புரட்டும், குண்டைப் பற்றி மட்டும் மனுஷர் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது ஈயத்துக்கே ஆபத்து. கழுகுகள் தின்று சாகின்றன என்று கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் ஈயக் குண்டு வைத்து வேட்டையாடவே கூடாது. நியாயமான சட்டம். பதிலுக்குப் பிஸ்மத் உருண்டை வந்திருக்கிறது. எடை குறைவு, கெட்டி. தாத்தா கையில் கொடுத்தால் பால்ரஸ் வரிசையில் சேர்த்துவிடுவார்.

ஊரில் கதை வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1991 திருத்தத்தோடு வேட்டை உரிமம் என்ற பேச்சே ஒழிந்தது. நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லித் தண்டோரா போட்டார்கள், தாத்தாவுடையதும் போனது. பன்றி மட்டும் போகவில்லை. 2025 ஜனவரியில் அரசு ஒரு கணக்குச் சொன்னது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வந்த பன்றியைச் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம்.

சித்தப்பா மகன் போனில் கூப்பிட்டான். நான் துணியின் பருமனைப் பற்றியும் முறுக்கைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்ததைப் பொறுமையாகக் கேட்டான்.

“அதெல்லாம் சரிண்ணா. நம்ம மரவள்ளிக் காடு ரெண்டே முக்கால் கிலோமீட்டர் வருது, மேப்புல அளந்துட்டேன். பன்னியக் கால் கிலோமீட்டர் தள்ளி மேயச் சொல்றதுக்கு அங்க ஏதாச்சும் விக்கிறானா?”