கரைசல் அண்ணாச்சி

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் போர்மேனாக இருந்து ஓய்வு பெறுகிறவர்களில் ஒரு சாரார் கோயில் கமிட்டிக்குப் போவார்கள். இன்னொரு சாரார் வத்திராயிருப்புப் பக்கம், மலையடிவாரத்தில் அரை ஏக்கர் வாங்குவார்கள். இரண்டாவது ரகத்துக்குப் பெயர் கரைசல் அண்ணாச்சி.

அண்ணாச்சி ஆசையாக ரோஜாவும் செம்பருத்தியும் வைப்பார். துளிர் விட்டதும் புள்ளிமான் வந்து மொட்டையடித்துவிட்டுப் போகும். மேலே இருப்பது 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். மான்மேல் கை வைத்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். சரி, ஊர்ச் சரக்கில் நாலு வெடியாவது போடலாமே?

"ரெண்டு நாள் ஓடும். மூணாம் நாள் வேடிக்கை பார்க்க வந்து நிக்கும்."

ஆகவே கரைசல். ஊறி அழுகிய முட்டை, பூண்டு, மிளகாய், வேப்பெண்ணெய், இலையில் ஒட்டுவதற்குக் காதி சோப்பு. ஊன் அழுகும் வாடை வந்தால், அடித்துத் தின்னும் மிருகம் அருகில் இருப்பதாக எண்ணி மான் ஒதுங்கும் என்பது கணக்கு. வெளிநாட்டில் விற்கும் மான் விரட்டிகள் பலவற்றிலும் மூலச்சரக்கு முட்டைதான். அழுகின முட்டையில் நாறுவது கந்தகம். ஆயுசெல்லாம் கந்தகத்தோடு குடும்பம் நடத்தியவருக்கு அது நாற்றமாகவே படாது.

கலக்குகிற நாளில் தோட்டத்தில் ஆலை விதிகள் அமலுக்கு வரும். பருத்திச் சட்டை மட்டும். செல்போன் வாசலோடு சரி. கொட்டகைக்குள் நாலு பேருக்கு மேல் கூடாது. கூடத்தான் ஆளில்லை! "பட்டாசுல போடுற பேரியத்துக்கு 2018-லயே சுப்ரீம் கோர்ட் தடை போட்டுருச்சு. முட்டைக்கு எவன் தடை போடுவான்?" என்று கிண்டிக்கொண்டே இருப்பார்.

மழை பெய்தால் மருந்து கழுவிக்கொண்டு போகும். புதுத் துளிரில் மருந்து இருக்காது. மானுக்குப் பிடித்ததோ அந்தத் துளிர்தான். எனவே வாராவாரம் முதுகில் ஸ்பிரேயர் ஏறும்.

"ஏங்க, மேலத் தோட்டத்துல பழைய சேலையைச் சுத்திக் கட்டியிருக்காங்க. ஒரு இலை போகலை" என்பார் வீட்டம்மா.

"அதுல சயின்ஸ் இல்ல."

டீக்கடையில் வனக்காவலரைப் பார்த்துவிட்டால் அண்ணாச்சியின் குரல் தாழும். "தம்பி, புலிச் சாணி ரெண்டு கிலோ கிடைக்குமா?"

"அண்ணாச்சி, நானே அதைக் கண்டா போட்டோ எடுத்து ஆபீசுக்குச் சொல்லணும்."

எப்போதாவது மருந்து நிஜமாகவே வேலை செய்துவிடும். பத்து நாளாக மான் தலைகாட்டாது. அப்போதுதான் அண்ணாச்சிக்குச் சோறு இறங்காது. விடியுமுன் வேலியோரம் குளம்படி தேடுவார். டீக்கடையில் உட்கார்ந்தால் பேச விஷயம் இருக்காது. பதினோராம் நாள், கரைசலில் ஒரு குடம் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுவார்.

"என்னங்க இது?" என்றால் பதில் தயார்: "வீரியம் கூடிப்போச்சு. செடி கருகிரும்ல?"