நானும் ஜமுக்காளமும் ஒரு மூட்டை வெங்காயமும்

பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் புதைந்து கல்லாகிப்போன அடிமரம். நீளம் 18 மீட்டர். என் முதுகை அழுத்திப் பார்த்த பிசியோதெரபி தம்பி, "சார் சாத்தனூர்ல இருக்க வேண்டியவருங்கம்மா" என்று என் மனைவியிடம் சொன்னார். மரம் கல்லாவதற்கு அத்தனை கோடி ஆண்டுகள் ஆயின. எனக்கு ஒரு நாற்காலியே போதுமானதாக இருந்தது.

இடுப்பு வலிக்கு வெளியில் நான் சொல்லிக்கொள்ளும் காரணம் வேறு. அரியலூர் மாவட்டம் 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்தது, 2002இல் திரும்பச் சேர்ந்தது, 2007இல் மறுபடியும் பிரிந்தது. ஒவ்வொரு தடவையும் கோப்புக் கட்டுகளைத் தூக்கித் தூக்கித்தான் இடுப்பு போய்விட்டது என்பேன். கட்டுகளைத் தூக்கியவர் அலுவலக உதவியாளர். எங்கே இறக்குவது என்று கையைக் காட்டியவன் நான். கை இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது.

தம்பி எழுதிக் கொடுத்த மருந்து பிலாட்டீஸ் என்கிற உடற்பயிற்சி. அதை உண்டாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர்; ஆஸ்துமாவும் ரிக்கெட்ஸும் படுத்திய சீக்காளிப் பிள்ளை. முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷார் அவரை எதிரி நாட்டான் என்று பிடித்து ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் அடைத்தார்கள். அங்கே நோயாளிகளின் கட்டில்களில் ஸ்பிரிங் மாட்டி, படுத்தபடியே கைகால்களை இழுக்க வைத்தார் என்று ஒரு கதை உண்டு. "படுத்தபடியே" என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன். பிறகு அவர் நியூயார்க் போய்ப் பயிற்சிக்கூடம் வைத்ததும், அடிபட்ட நடனக்காரர்கள் அவரைத் தேடிப் போனதும் தெரிந்தபோது கொஞ்சம் பயம் வந்தது. "ஆடுறவங்களுக்கே சரியாச்சுன்னா, சப்பணம் போட முடியாத உங்களுக்கு ஆகாதா?" என்றாள் மனைவி.

பெரிய ஊர்களில் இதற்கென்று ஸ்பிரிங் வைத்த சறுக்குக் கட்டிலே இருக்கிறது. எனக்கு ஹாலில் மடித்துப் போட்ட ஜமுக்காளம். பக்கத்தில் செட்டிகுளத்திலிருந்து மாமியார் அனுப்பிய சின்ன வெங்காய மூட்டை.

முதல் பாடம் 'ஹண்ட்ரட்'. மல்லாந்து படுத்து, தலையையும் காலையும் தூக்கி, வயிற்றை உள்ளிழுத்து, இரண்டு கைகளையும் தரையோரம் படபடவென்று நூறு தடவை அடிக்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை மூச்சை இழு, ஐந்து எண்ணும்வரை விடு. உறைமோர் கேட்டு வந்த எதிர்வீட்டு அக்கா இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, வலிப்பு என்று அலறி, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் திணித்துவிட்டார். நடுவில் பேசினால் கணக்கு தப்பிவிடும். சாவியோடு சேர்த்தே அடித்து நூறையும் முடித்தேன்.

அடுத்தது முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் உருள்வது. பின்னால் உருண்டவன் மூட்டையில் போய்த்தான் நின்றேன். கட்டு அவிழ்ந்து வெங்காயம் கட்டிலுக்கடியெல்லாம் ஓடியது. "ஏங்க, உருளணும்னா கோயில் பிரகாரத்துல உருளுங்க. புண்ணியமாச்சும் கிடைக்கும்" என்றாள் மனைவி. பொறுக்குவதற்குக் குனிந்து நிமிர்ந்ததுதான் அன்றைக்கு நான் செய்த உருப்படியான பயிற்சி.

அரியலூர் மச்சானுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "அந்தக் காலத்துல அம்மி அரைச்சாங்க, குந்தி உக்காந்து களை வெட்டுனாங்க. யாருக்கு மாமா இடுப்பு வலிச்சுது?" என்பார். எல்லோருக்கும் வலித்தது, மச்சான். என் அப்பத்தா தலைமாட்டில் தைல பாட்டில் இல்லாமல் தூங்கியதே இல்லை. வெங்காயக் காட்டில் நாள் முழுக்கக் குந்தியிருக்கும் பெண்களைக் கேட்டால் உடலுழைப்பின் பெருமையையா பேசுவார்கள்? எந்த ஊசி போட்டால் நாளைக்கு வேலைக்குப் போகலாம் என்றுதான் கேட்பார்கள். உழைப்பு ஒன்று, பயிற்சி வேறு. பிலாட்டீஸில் பாரம் தூக்குவது கிடையாது. இடுப்பைச் சுற்றிப் பிடித்திருக்கும் உள்வயிற்றுத் தசையையும் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகளையும் மெதுவாக வேலை வாங்குவதுதான் கணக்கு. அவை பலப்பட்டால் முதுகெலும்பின் சுமை கொஞ்சம் குறையும்.

அதற்காக இதை அற்புதம் என்று சொல்லவில்லை. 2015இல் காக்ரேன் ஆய்வுக் குழு, 510 பேர் பங்கேற்ற 10 சோதனைகளை அலசியது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் சும்மா இருப்பதைவிட பிலாட்டீஸ் செய்தால் வலி குறைகிறது. ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட இது உசத்தி என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பது முடிவு. மச்சான் இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். முதல் பாதி எனக்குப் போதும். சும்மா இருப்பதில்தான் எனக்குப் பல வருட அனுபவம்.

மனசுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். மூச்சை எண்ணி, கையை எண்ணி, வயிற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும்போது வீட்டுக்கடன் தவணை நினைவுக்கு வருவதில்லை. வர இடமில்லை. ராத்திரி படுத்ததும் தூக்கமும் வருகிறது. காரணம் நிம்மதியா களைப்பா என்று நான் தோண்டவில்லை. கால் நகத்தை இப்போது நானே வெட்டிக்கொள்கிறேன். இதில் அதிக சந்தோஷம் மனைவிக்குத்தான்.

கால் மரத்துப்போகிறவர்களும் வலி தொடை தாண்டி இறங்குகிறவர்களும் ஜமுக்காளத்தை விரிக்குமுன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்தான். சிமென்ட் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும் பெரம்பலூர்–அரியலூர் பேருந்தில், வயிற்றை எக்கிக்கொண்டு, முகத்தை இறுக்கி, உதட்டுக்குள் எண்ணியபடி ஒரு ஆள் நின்றால் பயப்படாதீர்கள், சாவியும் தேடாதீர்கள். எழுந்து இடம் கொடுத்தால் போதும்.