ஸ்டூலில் யார் உட்காருவது?

கேள்வி: ஜவுளிக்கடையில் ஐம்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, ஒன்றும் எடுக்காமல் எழுந்து வந்தால் அந்த விற்பனைப் பெண் மனசுக்குள் திட்டுவாரா?

பதில்: திட்ட அவருக்கு நேரம் ஏது? ஐம்பதையும் மடிக்க வேண்டாமா? அதற்குள் அடுத்த கல்யாண கோஷ்டி வந்துவிடும். பார்டர் பெரியம்மாவுக்குப் பிடித்தால் முந்தானை நாத்தனாருக்குப் பிடிக்காது. "இதே டிசைன்ல மயில் கழுத்து கலர் இருக்கா?" என்பார் ஒருவர். அந்தப் பெண்ணோ முகம் சுளிக்காமல் தன் தோளிலேயே போட்டுக் காட்டுவார். (கட்டப்போகிறவரைவிட அவருக்குத்தான் எடுப்பாக இருக்கும். பாதி பேர் வேண்டாம் என்பதே அதனால்தான்!)

நமக்கு உட்கார மெத்தை, குடிக்க காபி. அவருக்கு ஓர் இருக்கை கிடைக்க 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே தேவைப்பட்டது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது; கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்றது அது. இங்கும் சில கடைகளில் ஸ்டூல் வந்திருக்கிறது. அதன்மேல் புடவைக் கட்டு சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

எடுக்காமல் வருவது தப்பில்லை. "சும்மா பார்க்கத்தான் வந்தோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேல்தட்டுப் புடவைகளாவது பிழைத்துப்போகட்டும்.